போர்குண்ட் மரத் தேவாலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு நார்வேயில், லேர்தால் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் நிற்கிறது போர்குண்ட் தேவாலயம். அடுக்கடுக்காக ஏறும் கறுத்த கூரைகளும் முகட்டில் வாய் பிளந்து நிற்கும் டிராகன் தலைகளும் கொண்ட அதன் படம் பலர் கண்ணில் பட்டிருக்கும். படத்தைப் பார்த்தவர்களும் அங்கே போய் வந்தவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். தச்சு வேலை பற்றிய பதில்கள் மற்றவற்றைவிட நீண்டுவிட்டன. இந்தக் கட்டடத்தில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

இது எந்தக் காலத்துக் கட்டடம்? அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

12ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. கட்டிய தேதியைச் சொல்லும் கல்வெட்டோ ஆவணமோ கிடையாது. மரமே தன் வயதைச் சொல்லிவிட்டது. மரத்தின் குறுக்கு வெட்டில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். மழையும் வெப்பமும் நன்றாக இருந்த ஆண்டில் வளையம் அகலமாகவும், மோசமான ஆண்டில் ஒடுங்கியும் இருக்கும். ஒரு வட்டாரத்தின் பைன் மரங்களில் இந்த அகலமும் ஒடுக்கமும் ஒரே வரிசையில் வரும் என்பதால், பழைய மரத்தின் வளையங்களை அந்த வட்டாரத்தின் வளைய வரிசையோடு ஒப்பிட்டு, அது வெட்டப்பட்ட ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப் பார்த்ததில், போர்குண்டின் மரங்கள் 1180-81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. கட்டடம் அதற்கடுத்த சில ஆண்டுகளில் எழுந்திருக்கும். இயேசுவின் சீடரான அந்திரேயாவின் பெயரில் அர்ப்பணிக்கப்பட்ட கோயில் இது.

நார்வேக்குக் கிறிஸ்தவம் வந்து அப்போது அதிக காலம் ஆகிவிடவில்லை. நாட்டின் காவல் புனிதராகிவிட்ட மன்னர் ஓலாவ், ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்தது 1030இல். ஏறக்குறைய 150 ஆண்டு இடைவெளி.

ஸ்டாவ் தேவாலயம் என்கிறார்களே, அது மற்ற மரக் கட்டடங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

குளிர்நாடுகளின் மர வீடு என்றதும் நம் கண்முன் வருவது, முழு மரங்களைப் படுக்கைவசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். நார்வேயிலும் பண்ணை வீடுகளை அப்படித்தான் கட்டினார்கள். ஸ்டாவ் தேவாலயத்தில் மரம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. நான்கு மூலையிலும் நான்கு பெரிய தூண்கள், அவற்றுக்கு இடையே செங்குத்தாக நிறுத்திய கனத்த பலகைகள், கீழே அடிச்சட்டம், மேலே உத்தரம். பலகைகளின் ஓரத்தில் ஒன்றில் நாக்கும் மற்றதில் காடி என்னும் நீளப் பள்ளமும் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தியிருப்பார்கள். பலகையின் கீழ்முனை அடிச்சட்டத்தின் காடியில் இறங்கும். மேல்முனை உத்தரத்தின் காடியில் ஏறும். மொத்தத்தில் சுவர் என்பது ஒரு பெரிய சட்டகம்.

மூலைத் தூண்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. மேற்கு நார்வேயின் குலாதிங் என்ற இடைக்காலச் சட்டத்தில், ஒரு கோயில் சிதைந்து மூலைத் தூண்கள் விழுந்துவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குள் ஊரார் புதிய மரத்தை அந்த மனைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. பலகை போனால் மாற்றிக்கொள்ளலாம். மூலைத் தூண் விழுந்தால்தான் கோயில் விழுந்ததாகக் கணக்கு.

மரம் 800 ஆண்டுக்கு மேல் உளுத்துப்போகாமல் எப்படி நிற்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நீளமாகப் பதில் சொல்வேன்.

முதல் காரணம், கால் ஈரமாகாமல் பார்த்துக்கொண்டது. இதற்கு முந்தைய தலைமுறைத் தேவாலயங்களில் தூண்களைக் குழி தோண்டி மண்ணுக்குள் நட்டார்கள். நன்றாகத்தான் நின்றன, ஆனால் கொஞ்ச காலம்தான். மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஈரம் ஏறி, தூணின் அடி மட்டும் மக்கிப் போய்விடும். அந்த வகைக் கட்டடம் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. பல தேவாலயங்களின் தரைக்கு அடியில் அவற்றின் தூண் குழிகள் மட்டும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அடுத்த தலைமுறைத் தச்சர்கள் அதிலிருந்து பாடம் கற்று, தரையில் கற்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் கனத்த அடிச்சட்டங்களைக் கிடத்தி, தூண்களை அந்தச் சட்டங்களின் மேல் ஏற்றினார்கள். மரம் எந்த இடத்திலும் மண்ணைத் தொடுவதில்லை.

போர்குண்டில் இந்த அடிச்சட்டங்கள் அமைந்திருக்கும் விதமே தனி அழகு. நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு என்று நான்கு சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. வெட்டிக்கொள்ளும் இடத்தோடு நிற்காமல் முனைகள் வெளியே நீண்டிருக்கின்றன. நடுக்கூடத்தின் உயரமான தூண்கள் உள்சதுரத்தில் நிற்க, வெளிச்சுவரின் பாரம் நீண்டிருக்கும் அந்த முனைகளின் மேல் வந்து உட்காருகிறது. ஆக உள்கூடும் வெளிக்கூடும் ஒரே அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இரண்டாவது, மரத்தின் தேர்வு. பயன்படுத்தியது வைரம் பாய்ந்த பைன். வெட்டுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மரத்தின் உச்சியையும் கிளைகளையும் கழித்துவிட்டு நின்ற நிலையிலேயே விட்டுவைப்பார்கள், பிசின் தண்டு முழுக்க ஊறிக் கெட்டிப்படும் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் முறை. பிசின் ஏறிய மரத்தைப் பூஞ்சை எளிதில் அண்டாது.

மூன்றாவது, காற்றுக்கு ஈடுகொடுக்கும் இணைப்புகள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி போன்ற குறுக்குச் சட்டங்கள் வரிசையாகத் தெரியும். தூணும் உத்தரமும் சேரும் மூலைகளில் வளைந்த தாங்குகட்டைகள் இருக்கும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் அதன் நார் அறுபட்டு வலு போய்விடும். அதனால் அடிமரமும் வேரும் சேரும் இடத்தில் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கட்டைகளைத் தேடி எடுத்திருக்கிறார்கள். நார் வளைவோடு சேர்ந்தே ஓடுவதால் கட்டை பிளப்பதில்லை. படகு கட்டுபவர்களின் உத்தி இது. பக்கத்திலேயே நீண்ட கடற்கழி இருக்கும் ஊரில் அந்தக் கைவேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. காற்று பலமாக அடித்தால் கட்டடம் மெல்ல அசைந்து கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்கு நார்வேயில் மழை கொட்டும் ஊர்கள் நிறைய. லேர்தால் பள்ளத்தாக்கு மலை மறைவில் இருப்பதால் மழை குறைவு. அந்த அதிர்ஷ்டமும் போர்குண்டுக்கு வாய்த்தது.

ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டியது என்பது உண்மையா?

கட்டடத்தைத் தாங்கும் முக்கியமான இணைப்புகள் எல்லாம் காடி, அதில் செருகும் கழுந்து, மர முளை என்று மரத்தாலேயே ஆனவை. அந்த அளவுக்கு அது உண்மை. கதவில் பட்டையும் பூட்டும் இரும்புதான். ‘ஒரு ஆணிகூட இல்லை’ என்ற வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ‘இரும்பை நம்பி நிற்கவில்லை’ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரையில் டிராகன் எதற்கு? கிறிஸ்தவக் கோயிலில் பழைய மதத்தின் சின்னமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. தீய ஆவிகளை விரட்ட வைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். வைக்கிங் கப்பல்களின் முகப்பில் இருந்த தலைகளின் தொடர்ச்சி என்றும் சொல்வார்கள். கட்டியவர்கள் இன்ன காரணம் என்று எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. கூரை முகட்டில் விலங்குத் தலை வைப்பது அந்தக் காலத்துக் கிறிஸ்தவ ஐரோப்பாவில் வேறு இடங்களிலும் இருந்த பழக்கம்தான் என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஓடின், தோர் என்ற பழைய வடநாட்டுக் கடவுள்களின் கதைகளை எல்லாம் இந்தத் தலைகளில் ஏற்றிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நல்ல செதுக்கு வேலையைப் பார்க்க வேண்டுமானால் மேற்கு வாசலுக்கு வாருங்கள். வாசல்நிலையின் இரு பக்கமும் அகலமான பலகைகள். அடியில் ஒரு விலங்கின் தலை. அதன் வாயிலிருந்து ஒரு கொடி கிளம்பி வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. ஏற ஏறக் கொடிக்குள் டிராகன்கள் பின்னிக்கொள்கின்றன, ஒன்றின் கழுத்தை மற்றொன்று கடிக்கிறது. எது கொடி, எது வால் என்று விரலால் தொடர்ந்து போனால்தான் பிடிபடும். (தொட்டுப் பார்க்காதீர்கள், காற்றில் விரலை ஓட்டுங்கள்.) சோக்ன், வால்ட்ரெஸ் வட்டாரங்களில் இதே பாணி வாசல்கள் பல இருந்தன.

இதைவிடப் பழைய செதுக்கு வேலை உர்னெஸ் தேவாலயத்தின் வடக்குச் சுவரில் இருக்கிறது. உர்னெஸ் கட்டடம் 1130 வாக்கில் எழுந்தது. வாசல் பலகைகள் அதற்கு 60 ஆண்டுகள் முன்பு, 1070 வாக்கில் வெட்டிய மரம். பழைய கோயிலைப் பிரித்தபோது அந்த வாசலை மட்டும் விட மனம் வராமல் புதிய கோயிலில் பதித்திருக்கிறார்கள். ஒல்லியான, கோடு கோடான அந்த விலங்குகளை வைத்து ஒரு கலைப் பாணிக்கே உர்னெஸ் பெயர் வந்துவிட்டது. யுனெஸ்கோ 1979இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் உர்னெஸைத்தான்.

சுவரில் ரூன் எழுத்துகள் இருக்கின்றனவாமே? என்ன எழுதியிருக்கிறது?

ஆமாம், நிறைய இருக்கின்றன. ரூன் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்து. மரத்தில் கத்தியால் கீற ஏற்றபடி நேர்க்கோடுகளால் ஆனது. லத்தீன் எழுத்து வந்த பிறகும் சாதாரண மக்கள் இதை விடவில்லை. போர்குண்டின் சுவர்களில் பெயர்கள், ஜெபத் துணுக்குகள் என்று பலர் கீறி வைத்திருக்கிறார்கள்.

அவற்றில் ஒன்று என் மனதை விட்டுப் போகாதது. தோரிர் என்று ஒருவர், இந்த வழியாகப் போகும்போது ஓலாவ் திருநாளுக்கு முந்தைய மாலை இதை எழுதினேன் என்கிறார். ஓலாவ் திருநாள் ஜூலை 29. அதோடு நிறுத்தியிருந்தால் வழிப்போக்கர் ஒருவரின் கிறுக்கல் என்று கடந்துபோயிருக்கலாம். அடுத்த வரியில், நோர்ன்கள் நல்லதும் செய்தார்கள், கெட்டதும் செய்தார்கள், எனக்கு மிகுந்த துன்பத்தைத்தான் விதித்தார்கள் என்று புலம்புகிறார். நோர்ன்கள் என்பவர்கள் பழைய வடநாட்டு நம்பிக்கையில் மனிதர்களின் விதியை முடிவு செய்யும் தேவதைகள். கிறிஸ்தவப் புனிதரின் திருநாளைக் கணக்கு வைத்துக்கொண்டு, கிறிஸ்தவக் கோயிலின் சுவரில், தன் தலையெழுத்தைப் பழைய தேவதைகளிடம் முறையிட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அவருக்கு என்ன துன்பம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. டிராகன் தலைகளைப் பற்றி எழுதிக் குவித்ததை எல்லாம்விட, அந்தக் காலத்து மனம் எப்படி இருந்தது என்பதை இந்த இரண்டு வரி தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

லோம் ஊர் தேவாலயத்தின் தரைக்கு அடியில் 1973 அகழாய்வில் ஒரு சிறு மரக்குச்சி கிடைத்தது. ஹோவார்ட் என்பவர் ஒரு பெண்ணுக்கு ரூனில் எழுதியது: கடவுளின் வாழ்த்தும் என் நட்பும், உன்னைப் பெண் கேட்க முழு மனதோடு இருக்கிறேன், கோல்பெய்னோடு வாழ உனக்கு விருப்பம் இல்லை என்றால் யோசித்துச் சொல் என்று. குச்சி எப்படிப் பலகை இடுக்குக்குள் போனது, தவறி விழுந்ததா, அவளே போட்டுவிட்டாளா? அந்த இடுக்குகள் வழியாக நாணயங்களும் நூற்றுக்கணக்கில் விழுந்து கிடந்தன.

உள்ளே ஏன் இவ்வளவு இருட்டு? பெஞ்சுகள் ஏன் இல்லை?

கட்டிய காலத்தில் இப்படித்தான் இருந்தது. சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, சின்னச் சின்ன வட்டத் துளைகள்தான் வெளிச்சத்துக்கு வழி. கண் பழக ஒரு சில நிமிடம் ஆகும். அப்புறம் தூண்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளிப்படும்.

அன்றைய வழிபாட்டுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படவில்லை. திருப்பலி லத்தீனில் நடந்தது. குருவானவர் கிழக்கே பீடப்பகுதியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிற்பார். மக்கள் நடுக்கூடத்தில் நின்றபடி கேட்பார்கள். ஆண்கள் தெற்குப் பக்கம், பெண்கள் வடக்குப் பக்கம். கையில் புத்தகம் கிடையாது, உட்காரும் வழக்கமும் இல்லை. வயதானவர்கள் சுவரோரம் சாய்ந்துகொண்டிருப்பார்கள்.

1537இல் டென்மார்க்-நார்வே அரசு கத்தோலிக்க சபையை விட்டு லூத்தரன் சபைக்கு மாறியதும் எல்லாம் மாறியது. வழிபாட்டின் மையம் பிரசங்கமாகிவிட்டது. நீண்ட பிரசங்கம் கேட்க உட்கார வேண்டும், பாட்டுப் புத்தகம் படிக்க வெளிச்சம் வேண்டும். நார்வே முழுவதும் பழைய தேவாலயங்களில் ஜன்னல் வெட்டினார்கள், பெஞ்சு போட்டார்கள், குளிருக்காகத் தாழ்வான தட்டைக் கூரை அடித்தார்கள். போர்குண்டிலும் இவையெல்லாம் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது, இடைக்காலத் தோற்றத்துக்குத் திரும்ப வேண்டும் என்று இவற்றை எடுத்துவிட்டார்கள். நீங்கள் இன்று பார்க்கும் அந்த வெற்று இருட்டு, மூலக் கட்டடமும் 19ஆம் நூற்றாண்டின் முடிவும் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டுப் பிரசங்க மேடையையும் 1654ஆம் ஆண்டின் பீடச் சித்திரத்தையும் விட்டுவைத்தார்கள். ஜன்னல்களும் பெஞ்சுகளும் அந்த ஊர் மக்கள் முந்நூறு ஆண்டு வழிபட்டதன் தடம். அவற்றில் கொஞ்சத்தையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

வெளியே சுற்றி ஓடும் தாழ்வாரம் எதற்காக?

சுவரின் அடிப்பகுதியை மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காப்பாற்றுவது முதல் வேலை. கட்டடத்தின் மிக முக்கியமான பகுதியான அடிச்சட்டங்கள் அந்தத் தாழ்வாரத்தின் மறைவில் காய்ந்தே இருக்கின்றன. திருநாள்களில் பவனி சுற்றி வரவும், வழிபாட்டுக்கு முன் ஊரார் கூடிப் பேசவும் வசதியாக இருந்தது. ஆயுதங்களை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் வெளியே வைத்துவிட்டுப் போவார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. பிள்ளை பெற்ற பெண் முதல் முறை கோயிலுக்கு வரும்போது வாசலுக்கு வெளியே காத்திருப்பாள், குருவானவர் வந்து அவளை உள்ளே அழைத்துப் போவார் என்ற சடங்கும் நார்வேயில் நீண்ட காலம் இருந்தது.

மேலே பூசியிருக்கும் கறுப்பு என்ன? பெயிண்டா?

தார். சாலைக்குப் போடும் தார் கிடையாது, பைன் மரத்திலிருந்து எடுப்பது. பிசின் ஊறிய பழைய அடிக்கட்டைகளையும் வேர்களையும் தோண்டி எடுத்து, சிம்பாகப் பிளந்து, சரிவான குழியில் கூம்பாக அடுக்கி, மேலே புல்மண்ணைப் போர்த்தித் தீ வைப்பார்கள். காற்று தாராளமாகக் கிடைத்தால் கட்டை எரிந்து சாம்பலாகிவிடும். காற்றை அடைத்து, புகைந்து புகைந்து வேக விட்டால் பிசின் உருகி அடியில் உள்ள குழாய் வழியாகச் சொட்டும். தீ எங்கேயாவது மேலே வெடித்து வந்துவிடாமல் இரவும் பகலும் ஆள் காவல் இருக்க வேண்டும். முதலில் வருவது மெல்லிய தார், போகப்போகக் கெட்டியாகவும் கறுப்பாகவும் வரும்.

அதைச் சூடாக்கிச் சுவரிலும் மர ஓடுகளிலும் பூசுவார்கள். வெயிலில் தார் இளகி வழியும், மழை கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூசியே ஆக வேண்டும். வெயில் படும் தெற்குச் சுவர் சீக்கிரம் வெளுக்கும். வடக்குச் சுவரில் பழைய தார் அடுக்கு அடுக்காகக் கறுத்துப் படிந்திருக்கும். கட்டடத்தைச் சுற்றி வந்தால் பழுப்பு, செம்பழுப்பு, கரிக் கறுப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறுவதற்கு இதுதான் காரணம். நம் வீட்டுத் தேக்குக் கதவுக்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூசுவது போன்ற வேலைதான். ஆனால் இதை இருபத்தைந்து, முப்பது தலைமுறையாக விடாமல் செய்திருக்கிறார்கள். பிளேக் வந்தபோதும், மதப் பிரிவு மாறியபோதும், நாடு டென்மார்க்கிடமும் பிறகு சுவீடனிடமும் இருந்தபோதும் யாரோ ஒருவர் ஏணி போட்டு ஏறியிருக்கிறார். போர்குண்டைப் பற்றிப் பேசும்போது ‘அதிசயமாகத் தப்பியது’ என்பார்கள். அந்த ஏணிக்காரர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அதிசயம் என்று சொல்ல வாய் வராது.

இப்படிப்பட்ட தேவாலயங்கள் எத்தனை இருந்தன? எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

ஆயிரத்துக்கும் மேல் இருந்திருக்கும் என்பது கணிப்பு. நார்வேயில் இன்று நிற்பவை 28.

முதல் அடி 1349இல் வந்த பிளேக். மக்கள் தொகை சரிந்து பண்ணைகள் பாழாகிப் பல ஊர்களில் கோயிலைக் கவனிக்க ஆள் இல்லை. அதன் பிறகு ஸ்டாவ் முறையில் புதிதாகக் கட்டுவதே ஏறக்குறைய நின்றுபோனது. பிறகு 1720களில், போர்க் கடனை அடைக்க மன்னர் நான்காம் ஃபிரடெரிக் நாட்டின் தேவாலயங்களைத் தனியாருக்கு விற்றார். வாங்கியவர்களில் பலருக்கு வருமானத்தில் இருந்த அக்கறை கூரையில் இல்லை.

பெரிய அழிவு 19ஆம் நூற்றாண்டில்தான். 1851இல் வந்த சட்டம், தேவாலயம் அந்தச் சபை மக்களில் பத்தில் மூன்று பங்கு பேரைக் கொள்ள வேண்டும் என்றது. மக்கள் தொகை பெருகியிருந்த காலம். இடைக்காலக் கோயில்கள் சின்னவை. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவதுதான் எளிய வழியாகத் தெரிந்தது. ஓல் என்ற ஊரின் தேவாலயத்தை 1880இல் இடித்தார்கள். அதன் 13ஆம் நூற்றாண்டுக் கூரை ஓவியங்களை மட்டும் காப்பாற்றி ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இடித்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. குளிரில் நடுங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்த மக்கள் அவர்கள். ஆனாலும் ஓல் ஓவியங்களைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

போர்குண்ட் மட்டும் எப்படித் தப்பியது?

இடிக்காமல் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். 1868இல் புதிய தேவாலயம் எழுந்தது. வழிபாடு அங்கே போய்விட்டது. 1877இல், நார்வேயின் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்க 1844இல் தொடங்கிய சங்கம் பழைய கட்டடத்தை வாங்கியது. இன்றும் அந்தச் சங்கத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது.

அந்தச் சங்கம் பிறக்கக் காரணமானவர்களில் ஒருவர் ஓவியர் யோஹான் கிறிஸ்டியன் டால். வாங் என்ற ஊரின் தேவாலயம் ஏலத்துக்கு வந்தபோது 1841இல் தானே ஏலம் எடுத்தார். நார்வேயில் அதை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. கடைசியில் பிரஷ்ய மன்னர் பொறுப்பேற்க, துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலேற்றிக்கொண்டு போய், 1844இல் மலையடிவாரத்தில் ஒரு ஊரில் நிறுத்தினார்கள். இன்று அந்த இடம் போலந்தில் கார்பாச் நகரம்.

பக்கத்தில் தனியாக நிற்கும் கூண்டு?

மணிக்கூண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதே ஸ்டாவ் முறையில் கட்டித் தனியாக நிற்கும் மணிக்கூண்டு நார்வேயில் வேறு எதுவும் மிஞ்சவில்லை. எல்லோரும் கோயிலைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

இப்போது அங்கே ஆராதனை நடக்கிறதா?

ஊர்ச் சபையின் ஆராதனை பக்கத்துப் புதிய தேவாலயத்தில்தான். பழையது அருங்காட்சியகம் போலத் திறந்திருக்கும். ஸ்டாவ் தேவாலயம் ஒன்றில் ஆராதனை நடப்பதைக் காண விரும்பினால் ஹெட்டால், லோம், ரிங்கெபு ஆகிய ஊர்களுக்குப் போகலாம். அவை இன்றும் ஊர்ச் சபைகளின் கோயில்கள். ஞானஸ்நானமும் கல்யாணமும் நடக்கின்றன. ஹெட்டால்தான் இருப்பவற்றிலேயே பெரியது.

தீ விபத்து பயம் இல்லையா?

அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். 1992 ஜூன் 6 அன்று பெர்கன் நகரத்து ஃபான்டொஃப்ட் தேவாலயத்தைத் தீ வைத்து எரித்துவிட்டார்கள். 1997இல் அதே வடிவில் திரும்பக் கட்டினார்கள். தச்சு வேலை அருமையாக வந்திருக்கிறது, ஆனால் எரிந்த மரம் எரிந்ததுதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மற்ற இடங்களிலும் தீத்தடுப்பில் கவனம் கூடியது. 2001 முதல் 2015 வரை அரசின் மரபுச்சின்னத் துறை 28 தேவாலயங்களையும் ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தது. அடிச்சட்டம், மர ஓடு, தார் என்று பழைய முறையிலேயே செய்தார்கள். அந்த வேலையால் இளம் தச்சர்கள் பலர் பழைய கோடரி வேலையைக் கற்றுக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

போர்குண்டைப் பார்த்து வேறு எங்காவது கட்டியிருக்கிறார்களா?

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் ராப்பிட் சிட்டியில் 1969இல் கட்டிய தேவாலயம் போர்குண்டின் நேர் நகல். ஜெர்மனியில் ஹானென்க்ளே என்ற ஊரில் 1908இல் கட்டியது போர்குண்டை முன்மாதிரியாகக் கொண்டது. நார்வேக்குள்ளேயே, இடிக்கவிருந்த, கோல் என்ற ஊரின் தேவாலயத்தை 1884-85இல் ஆஸ்லோவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது, இல்லாமல் போன பகுதிகளைப் போர்குண்டைப் பார்த்துத்தான் நிரப்பினார்கள். கூரையெல்லாம் ஒரே சாயலில் இருப்பதாகத் தோன்றினால், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆஸ்லோவில் உறவினர் வீட்டுக்குப் போகிறேன். லேர்தால் வரை போக முடியாது. என்ன செய்யலாம்?

நார்வேயில் ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்வதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஆஸ்லோவில் பிக்டோய் தீபகற்பத்தில் உள்ள நாட்டுப்புற அருங்காட்சியகத்துக்குப் போனால் மேலே சொன்ன கோல் தேவாலயத்தையே பார்க்கலாம். பெர்கனில் இருப்பவர்களுக்கு ஃபான்டொஃப்ட் கிட்டத்தில் இருக்கிறது.

போர்குண்டுக்கே போகிறேன். எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம்?

கோடைக்காலத்தில் போங்கள்; குளிர்காலத்தில் உள்ளே விடமாட்டார்கள். நுழைவுச் சீட்டு உண்டு. அந்தப் பணம் பராமரிப்புக்குப் போகிறது, மனதாரக் கொடுக்கலாம். ஆர்லாந்து பக்கமிருந்து காரில் வருவதானால் 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லேர்தால் சுரங்கப்பாதை வழியாக வருவீர்கள்.

சுற்றுலாப் பேருந்து வந்து நின்றதும் எல்லோரும் கூரையைப் பார்த்துக் கேமராவைத் தூக்குவார்கள். நீங்கள் முதலில் குனிந்து கல் வரிசையையும் அதன்மேல் கிடக்கும் அடிச்சட்டத்தையும் பாருங்கள். பிறகு மேற்கு வாசல். உள்ளே போனதும் உடனே வெளியே வந்துவிடாமல், கண் பழகும் வரை நின்று, தூண் ஒன்றை அடியிலிருந்து முகடு வரை தொடருங்கள். வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றும்போது தெற்குச் சுவரையும் வடக்குச் சுவரையும் ஒப்பிடுங்கள்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே விண்ட்ஹெல்லா என்ற பழைய மலைச்சாலை இருக்கிறது. கிழக்கு நார்வேயையும் மேற்கு நார்வேயையும் இணைக்க 1790களில் போட்ட ராஜபாட்டையின் ஒரு துண்டு அது. கொண்டை ஊசி வளைவுகளைக் கல்சுவர் கட்டித் தாங்கியிருக்கிறார்கள். இப்போது வண்டிகள் போவதில்லை, நடந்து போகலாம். வழுக்காத செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், ஏற்றம் செங்குத்தாக இருக்கும்.